ஞாயிற்றுக்கிழமை எடை

கோழிக்குஞ்சு சாப்பிட்டதா இல்லையா என்று அதன் மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. பசித்தாலும் அதே கத்தல்தான், வயிறு நிறைந்தாலும் அதே கத்தல்தான். கையில் எடுத்து, கழுத்துக்குக் கீழே இருக்கிற இரைப்பையை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டும். ஊறிய ரொட்டி மாதிரி மெத்தென்று இருந்தால் தீனியும் போயிருக்கிறது, தண்ணீரும் போயிருக்கிறது. கெட்டியாக இருந்தால் தீனி மட்டும் தின்றிருக்கிறது, தண்ணீர் குடிக்கவில்லை. ஒன்றுமே தட்டுப்படவில்லை என்றால் அந்தக் குஞ்சைப் பற்றி அதிகம் பேசுவதற்கில்லை.

அக்காவுக்கு இருபத்திரண்டு வருஷமாக இதுதான் பிழைப்பு. கம்பெனிக்காரன் குஞ்சையும் தீவனத்தையும் கொண்டுவந்து இறக்குவான், நாற்பத்திரண்டாம் நாள் லாரி வந்து கோழியை ஏற்றிக்கொண்டு போகும். நடுவில் இருக்கிற நாட்களில் மூவாயிரம் உயிர்களையும் தின்ன வைப்பது அக்காவின் பொறுப்பு. ஊரில் எல்லோருக்கும் அவள் அக்காதான். அவளைவிட வயதான தீவன வண்டிக்காரர்கூட அப்படித்தான் கூப்பிடுவார். ஆனால் நிஜமாகவே அவளை அக்கா என்று கூப்பிட உரிமை உள்ளவன் ஒருத்தன்தான். அவன் அந்தப் பனிக்காலத்தில், குஞ்சு வருவதற்கு மூன்று நாள் முன்னால், ஒரு பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸிலிருந்து இறங்கினான்.

இறங்கினவனைப் பார்த்ததும் அக்கா பதறிப்போய் ஓடிப் பையைப் பிடுங்கிக்கொண்டாள். சின்ன வயதிலிருந்தே அவன் நோஞ்சான்தான், வீட்டில் பெயரே அதுதான். ஆனால் அப்போது எலும்பு மேல் ஒரு தோலாவது ஒழுங்காக இருந்தது. இப்போது சட்டைக்குள் ஆளையே காணோம். பதினெட்டு வருஷம் லாரி ஓட்டி, கிடைத்த இடத்தில் தின்று, கிடைத்த இடத்தில் தூங்கி, கடைசியில் ஒருநாள் ஸ்டியரிங் மேலேயே சாய்ந்துவிட்டான். ஆஸ்பத்திரியில் ஒரு மாசம். இதயம் பலவீனமாக இருக்கிறது, இனி வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். அக்காவால் போய் அழைத்துவர முடியவில்லை. ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, உமி பரப்பிக் காயவைக்கிற வாரம் அது. அந்த ஒரு வாரத்தை நினைத்து அவள் பின்னால் எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டாள் என்பதற்குக் கணக்கில்லை.

"என்னடா இது, ஆளைப் பாதியா கழட்டி வச்சுட்டு வந்திருக்க?"

"மீதியை அடுத்த பஸ்ல அனுப்புறாங்களாம்" என்றான் தம்பி.

அவன் அப்படித்தான். உயிர் போகிற நேரத்திலும் வாய் போகாது.

"டாக்டர் என்ன சொன்னாரு?"

"நல்லா ரெஸ்ட் எடுக்கச் சொன்னாரு. மாத்திரை குடுத்தாங்க. எடை பாத்துக்கிட்டே இருக்கச் சொன்னாங்க."

எடை என்றதும் அக்காவுக்குப் பாதி பயம் போய்விட்டது. மருந்து, மாத்திரை, இதயம் என்றால் அவளுக்கு ஒன்றும் தெரியாது. எடை போட வைப்பது எப்படி என்று அவளுக்கு இந்த உலகத்தில் யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை குஞ்சுகள் வந்தன. வெளியே தண்ணீர்த் தொட்டியின் மேல் ஏடு மாதிரி பனிக்கட்டி. அக்கா முந்தின நாளே ஷெட்டின் மூன்றில் ஒரு பங்கை மட்டும் திரை போட்டு மறைத்து, கேஸ் அடுப்புகளை ஏற்றி, உள்ளே கால் வைத்தால் முகம் வியர்க்கிற அளவுக்குச் சூடாக்கி வைத்திருந்தாள். தரையில் காகிதம் விரித்து, அதன் மேல் தீவனத்தைத் தூவினாள். குடிக்கிற தண்ணீரையும் வெதுவெதுப்பாக்கி ஊற்றினாள். குளிர்ந்த தண்ணீரைக் குஞ்சு குடிக்காது, தண்ணீர் குடிக்காத குஞ்சு தீனி எடுக்காது, தீனி எடுக்காத குஞ்சு குளிர் தாங்காது. இதைச் சொல்லிக்கொண்டேதான் அக்கா வேலை செய்வாள். பக்கத்தில் ஆள் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. இந்தத் தடவை ஆள் இருந்தான். தீவன மூட்டை மேல் உட்கார்ந்து, அவள் பேசுவதை ரேடியோ கேட்பது போல் கேட்டுக்கொண்டிருந்தான்.

சாயங்காலம் இருபது இருபத்தைந்து குஞ்சுகளைக் கையில் எடுத்து இரைப்பையைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் நிறைந்து மெத்தென்று இருந்தது. திருப்தியோடு எழுந்தவள், அதே கையால் தம்பியின் வயிற்றைத் தொட்டாள்.

"காலியா இருக்கு. வா, சாப்பிடு."

"என்னையும் நாப்பத்தி ரெண்டாவது நாள் லாரியில ஏத்திடுவியா?"

"உன்னை எந்தக் கம்பெனிக்காரன் எடுப்பான்? எலும்புக்குத் தனி விலையா?"

இரண்டு பேரும் சிரித்தார்கள். அந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகு நாளாகியிருந்தது. அக்காவைக் கட்டினவர் போய்ச் சேர்ந்து பன்னிரண்டு வருஷம். பிள்ளை குட்டி இல்லை. அம்மா இறந்தபோது தம்பிக்கு ஆறு வயது, அக்காவுக்குப் பதினைந்து. அன்றைக்கு இடுப்பில் தூக்கினவனை அவள் மனசுக்குள் இன்னும் இறக்கிவிடவே இல்லை. நாற்பத்து நாலு வயது ஆனவன் என்று யார் சொன்னாலும் அவள் காதில் ஏறாது. இவனும் போய்விட்டால் தனக்கென்று இந்த உலகத்தில் ஒருத்தரும் இல்லை என்பது அவளுக்குத் தெரியும். அதனால் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு அவனைப் பார்த்துக்கொள்வதென்று முடிவுகட்டினாள்.

பார்த்துக்கொள்வது என்றால் என்ன? அவளுக்குத் தெரிந்த ஒரே வழிதான். குளிர்காலத்தில் கோழி தின்கிறதில் பாதி உடம்புச் சூட்டுக்கே செலவாகிவிடும், மிச்சமிருப்பதுதான் சதையாகும். அதனால் குளிரில் தீவனத்தில் எண்ணெய் கூட்ட வேண்டும். ஒரேயடியாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பல தடவை வைக்க வேண்டும். பொழுது சாய்வதற்குள் வயிறு நிறைய வைத்துவிட வேண்டும், அப்போதுதான் விடிகிற வரை உடம்பில் சூடு நிற்கும். தம்பிக்கும் அப்படியே நடந்தது. காலையில் இரண்டு முட்டை, வெண்ணெய் தடவின ரொட்டி. பத்து மணிக்குப் பால். மதியம் சூப்பும் சாப்பாடும். நாலு மணிக்கு மறுபடியும் பால், வறுத்த கடலை. பொழுது சாயும்போது ஒரு பெரிய தட்டு. நடுவில் எப்போது பார்த்தாலும் ஒரு சொம்பு வெந்நீர்.

"தண்ணி போதும் அக்கா."

"தண்ணி குடிக்காத கோழி தீனி எடுக்காது."

அவன் வாங்கிக் குடித்துவிடுவான்.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை, முதல் எடை. குஞ்சுகளைப் பத்துப் பத்தாகப் பிளாஸ்டிக் கூடையில் போட்டு எடை மெஷினில் வைத்துப் பார்ப்பாள். சராசரி எவ்வளவு என்று சுவரில் தொங்குகிற அட்டையில் புள்ளி வைப்பாள். வாரத்துக்கு ஒரு புள்ளி. புள்ளிகளைச் சேர்த்தால் ஒரு கோடு வரும். கோடு மெல்ல ஆரம்பித்துப் போகப் போக ஏற வேண்டும். கோட்டைப் பார்த்தே அக்கா அந்தக் கூட்டத்தின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவாள். இரண்டு வாரம் படுத்துக் கிடந்த கோடு திடீரென்று எழும்பினால் அவள் நம்ப மாட்டாள். ஏதோ கோளாறு இருக்கிறது என்று உடனே கம்பெனி சூப்பர்வைசருக்கு ஃபோன் போய்விடும்.

"நீயும் ஏறு" என்றாள் தம்பியிடம்.

"தினம் பாக்கச் சொன்னாங்க அக்கா."

"தினம் பாத்தா என்னடா தெரியும்? வாரத்துக்கு ஒரு தடவை பாத்தாதான் வித்தியாசம் தெரியும். உன் டாக்டர் கோழி வளத்திருக்காரா?"

வந்த அன்றைக்கு ஐம்பத்திரண்டு கிலோ இருந்தான். இப்போது தன் பெரிய கம்பளிக் கோட்டோடு மெஷினில் ஏறினான். வந்த அன்றும் அதே கோட்டோடுதான் ஏறியிருந்தான், அதனால் அக்கா அதைப் பற்றி யோசிக்கவில்லை. ஐம்பத்திரண்டு கிலோ அறுநூறு கிராம். அக்கா கையைத் தட்டினாள். சிவப்புப் பென்சில் எடுத்து அதே அட்டையில், கோழிக் கோட்டுக்குப் பக்கத்தில் அவனுக்கும் ஒரு புள்ளி வைத்தாள்.

"பாத்தியா? அறுநூறு கிராம்! ஒரே வாரத்துல!"

"பாத்தேன் பாத்தேன்" என்றான் தம்பி. அட்டையைப் பார்க்கவில்லை. அக்காவின் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்த வாரம்தான் ஷெட்டின் வடக்கு மூலையில் ஒரு திருட்டு நடந்தது. பக்கவாட்டுத் திரைகள் காற்றில் படபடக்காமல் இருக்க, அடியில் கயிற்றில் இரும்புத் துண்டுகளைக் கட்டித் தொங்கவிட்டிருப்பாள். வரிசையில் ஒன்றைக் காணவில்லை. அடுத்த வாரம் இன்னொன்றும் காணாமல் போனது. அந்த இடத்தில் திரை தூக்கிக்கொண்டு குளிர்காற்று உள்ளே புகுந்ததில், குஞ்சுகள் எல்லாம் எதிர் மூலைக்கு ஓடி ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றன. அக்கா வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே இரண்டு செங்கல்லைக் கட்டினாள்.

"எல்லாம் அந்தப் பழைய இரும்புக்காரன் வேலைதான். சைக்கிளை இந்தப் பக்கம் தள்ளிக்கிட்டுப் போகும்போதே நினைச்சேன். வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கிறேன்."

"விடு அக்கா, ரெண்டு இரும்புல அவன் மாடி வீடா கட்டப் போறான்?"

"நீ சும்மா இரு. உனக்கு எல்லாரும் நல்லவங்க."

கேட்டும்விட்டாள். பாவம், அந்த மனுஷன் தெருவில் நின்று, தன் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தான். அக்கா நம்பவில்லை.

பதினான்காம் நாள் ஐம்பத்து மூன்று கிலோ இருநூறு. இருபத்தொன்றாம் நாள் ஐம்பத்து நாலரை. இருபத்தெட்டாம் நாள் ஐம்பத்து ஆறரை. சிவப்புக் கோடு கோழிக் கோட்டை ஒட்டியே ஏறியது. அக்காவின் நடையே மாறிவிட்டது. தீவனம் கொண்டுவந்த வண்டிக்காரரை நிறுத்தி வைத்து அட்டையைக் காட்டினாள். தம்பியின் கன்னம் உப்பிக்கொண்டு வந்ததைப் பார்த்து, சின்ன வயதிலேயே இவனுக்கு இப்படிக் கன்னம் வந்ததில்லை என்று பூரித்துப்போனாள். ஒருநாள் காலையில் அவனுக்குப் பழைய பூட்ஸ் காலில் ஏறவில்லை.

"கால்லகூட சதை பிடிக்குதுடா!" என்றாள் அக்கா. தன் புருஷனுடைய பெரிய செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்தாள்.

அவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததையும் அவள் கவனிக்காமல் இல்லை. ஆனால் அதற்கும் அவள் தொழில் ஒரு காரணம் வைத்திருந்தது. குளிருக்குத் திரையை இழுத்து மூடினால் உமி ஈரமாகும். எச்சத்திலிருந்து காரமான வாடை கிளம்பும், கண் எரியும், மூச்சு முட்டும். கோழிக்கே முட்டும்போது மனுஷனுக்கு முட்டாதா? அதனால் காற்று அடிக்காத பக்கத்துத் திரையை ஒரு சாண் இறக்கிவிட்டாள், உமியைக் கிளறிவிட்டாள், தம்பியை ஷெட்டுக்குள் அதிக நேரம் உட்கார வேண்டாம் என்றாள். அவன் படுக்கையில் மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்து உட்கார்ந்தபடியே தூங்குவதைப் பார்த்தாள். லாரிக்காரனுக்கு உட்கார்ந்து தூங்கித்தான் பழக்கம் என்று அவன் சொன்னதையும் நம்பினாள். நம்பத்தான் தோன்றியது. எடை ஏறிக்கொண்டிருக்கிற உயிருக்கு என்ன குறை வந்துவிடப்போகிறது?

முப்பத்தைந்தாம் நாள் ஐம்பத்தொன்பது கிலோ. அக்கா கைதட்டினாள். தம்பி மெஷினிலிருந்து இறங்கச் சுவரைப் பிடித்துக்கொண்டான்.

மறுநாள் திங்கட்கிழமை. காலையில் ஷெட்டுக்குள் நுழைந்தபோது நாலு கோழிகள் மல்லாந்து கிடந்தன. முந்தின இரண்டு நாளும் ஒன்றிரண்டு விழுந்திருந்தன, குளிருக்கு அது சகஜம் என்று விட்டுவிட்டாள். நாலு என்றால் விட முடியாது. நாலுமே பெரிய கோழிகள், முதல் ஆளாகத் தட்டுக்கு ஓடிவருகிற ரகம். கொண்டை நீலம் பாரித்திருந்தது. வயிறு பந்து மாதிரி உப்பியிருந்தது. அக்கா ஒன்றை எடுத்துக்கொண்டு வாசல் பக்கத்துத் தொட்டிக்கு வந்தாள். தம்பி தீவன மூட்டை மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கத்தியை வைத்துக் கீறினதும் வயிற்றிலிருந்து மஞ்சளாகத் தண்ணீர் கொட்டியது. ஒரு டம்ளருக்கு மேலேயே இருக்கும்.

"என்ன அக்கா அது?"

"தண்ணி கட்டியிருக்கு. இந்தக் குளிருக்கு வர்ற நோய்தான். நான்தான் கொஞ்சம் அசந்துட்டேன்." அக்கா விரலால் உள்ளே தள்ளிக் காட்டினாள். "இதோ பாரு, இதயம் எப்படித் தொளதொளன்னு ஊதிக் கிடக்குன்னு. குளிருக்குச் சூடும் வேணும், எடையும் போடணும். ரெண்டுக்கும் சேத்து ரத்தத்தை அடிச்சு அடிச்சு இதயம் ஓஞ்சுபோகும். அப்புறம் தண்ணி கசிஞ்சு வயித்துல சேந்துடும்."

"எந்தக் கோழிக்கு வரும்?"

"நல்லா தின்னு, நல்லா எடை போடுறதுக்குத்தான் வரும். நோஞ்சானுக்கு வராது."

"தெரியாதா முன்னாடியே?"

"எங்க தெரியும்? பாக்கிறதுக்கு நல்லா கொழுகொழுன்னு இருக்கும். நிறுத்தா எடை காட்டும். எல்லாம் தண்ணி. இனிமே தீனித் தட்டை எல்லாம் கொஞ்ச நேரம் தூக்கிக் கட்டணும், தீனியைக் குறைக்கணும், அப்பதான் மிச்சம் இருக்கிறது..."

சொல்லிக்கொண்டே நிமிர்ந்தவள், அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை.

காலை வெளிச்சம் நேராகத் தம்பியின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது. அவன் உதடு, அவள் கையில் இருந்த கோழியின் கொண்டை நிறத்தில் இருந்தது.

கத்தி தொட்டிக்குள் விழுந்தது. ஈரக்கையோடு ஓடிப் போய் அவன் முன்னால் குந்தினாள். பேண்டை முழங்கால் வரை தூக்கினாள். கோழியின் வயிற்றை அமுக்குகிற அதே கட்டைவிரலால் அவன் காலை அமுக்கினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. ஒன்று, இரண்டு, மூன்று என்று மனசுக்குள் எண்ணினாள். பத்து எண்ணியும் குழி மூடவில்லை.

"எத்தனை நாளாடா?"

தம்பி அவள் தலைமேல் கை வைத்தான். அவளுக்கு ஏதோ ஆறுதல் சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியது போலிருந்தது.

கோழிக்கு ஏதாவது என்றால் வருகிற சூப்பர்வைசரையே ஃபோனில் கூப்பிட்டாள், அவனிடம்தான் ஜீப் இருந்தது. தம்பியை அனுப்பிவைத்த அதே ஆஸ்பத்திரியில் டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார், முதுகில் வைத்துக் கேட்டார், எடை பார்த்தீர்களா என்றார். அக்கா கிளம்பும்போது எதற்கென்று தெரியாமலே அட்டையைச் சுவரிலிருந்து பிடுங்கிக்கொண்டு வந்திருந்தாள். அதை நீட்டினாள். டாக்டர் சிவப்புப் புள்ளிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"முதல் வாரத்துல இருந்தே ஏறிக்கிட்டே இருக்கே. இவ்வளவு ஒழுங்கா எழுதி வச்சிருக்கீங்க. அப்புறம் ஏம்மா கூட்டிட்டு வரல?"

அக்காவுக்குக் கேள்வியே புரியவில்லை. பக்கத்தில் நின்ற நர்சுதான் சொன்னாள், அனுப்பும்போதே அவரிடம் சொன்னோமே, எழுதியும் கொடுத்தோமே என்று. வாரத்தில் இரண்டு கிலோ ஏறினால் அது சதை இல்லை, தண்ணீர். உடனே வர வேண்டும். உப்பு கூடாது. தண்ணீரையும் அளந்துதான் குடிக்க வேண்டும்.

அக்காவுக்கு ஒவ்வொரு சொம்பு வெந்நீரும் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு சூப்பும். போதும் என்று அவன் சொன்னதும், தான் சொன்ன பதிலும்.

ஊசி போட்டு நீரை இறக்கினார்கள். ஐந்து நாள் அக்கா பஸ்ஸில் போவதும் வருவதுமாக இருந்தாள். ஷெட்டில் தட்டைத் தூக்கிக் கட்டுவாள், இறக்குவாள், அடுப்பைப் பார்ப்பாள், பஸ்ஸைப் பிடிப்பாள். தம்பியைத் தினமும் காலையில் எடை மெஷினில் ஏற்றினார்கள். ஐம்பத்தேழு, ஐம்பத்தைந்து, ஐம்பத்து மூன்று. ஒவ்வொரு நாளும் நர்ஸ், நல்லா இறங்குது என்று சந்தோஷப்பட்டாள். எடை இறங்குவதைப் பார்த்துச் சந்தோஷப்பட அக்காவுக்குத் தெரியவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் அவள் அதைப் பழகியதே இல்லை. ஐந்தாம் நாள், வெள்ளிக்கிழமை, ஊற்றின தண்ணீரெல்லாம் வடிந்து மெஷின் நாற்பத்தொன்பதரையில் நின்றது.

"இதுதான் இவரோட உண்மையான எடை" என்றாள் நர்ஸ்.

ஐம்பத்திரண்டு கிலோவாக வந்தவன். கம்பளிக் கோட்டின் கனத்தைக் கழித்துப் பார்த்தாலும், ஐந்து வாரம் அவள் ஊட்டின ஊட்டில் குறைந்துதான் போயிருந்தான். கன்னம் போய்விட்டது. பஸ்ஸிலிருந்து இறங்கின முகம்கூட இல்லை, அதற்கும் கீழே ஒரு முகம் கட்டிலில் கிடந்தது.

"ஏன்டா சொல்லல?" அக்கா அவன் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள். கோபமாகக் கேட்க வேண்டும் என்று ஐந்து நாளாகத் தேக்கி வைத்திருந்தாள். கேட்கும்போது கை அவன் போர்வையை இழுத்துவிட்டது. "எடை ஏறினா வரச் சொன்னாங்கன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக்கூடாதா? நான் என்ன உன்னைக் கடிச்சா தின்னுடுவேன்?"

"நீ கை தட்டினியே அக்கா."

"அதுக்காக?"

"அம்மா போனதுல இருந்து நீ அப்படிக் கை தட்டி நான் பாத்ததே இல்ல. இந்த வாரம் சொல்லிடலாம், அடுத்த வாரம் சொல்லிடலாம்னு பாத்தேன். நீ ஞாயித்துக்கிழமை வந்தா பென்சிலைச் சீவி வச்சுக்கிட்டு நிப்ப." மூச்சுக்காக நிறுத்தினான். "சரியாப் போயிடும்னுதான் நினைச்சேன்."

"அறிவு கெட்டவனே" என்றாள் அக்கா. 

"இன்னொரு திருட்டுத்தனமும் பண்ணியிருக்கேன். இங்க சொன்னா நர்ஸம்மா முன்னாடி அடிப்ப. வீட்டுக்கு வந்து சொல்றேன்."

"வீட்டுக்கு வா முதல்ல. வந்து வாங்கிக்க."

அவன் சிரித்தான். சனிக்கிழமை காலை அவள் பஸ்ஸைவிட்டு இறங்கி வார்டுக்குப் போனபோது கட்டில் காலியாக இருந்தது. மெத்தையை மடித்து வைத்திருந்தார்கள். அந்த நர்ஸ் வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அதிகாலையிலேயே இதயம் நின்றுவிட்டது, தூக்கத்திலேயே போய்விட்டார், வலி இல்லை என்று சொன்னாள். அக்கா கேட்ட ஒரே கேள்வி, "இன்னைக்கு எடை பாத்தீங்களா?" என்பதுதான். ஏன் கேட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. மறுநாள் நாற்பத்திரண்டாம் நாள். லாரியைத் தள்ளி வைக்கட்டுமா என்று சூப்பர்வைசர் கேட்டான். வேண்டாம் என்றாள். கோழிக்கு என்ன தெரியும்? அது தின்றுகொண்டுதான் இருக்கும். ஆட்கள் வந்து பிடித்துக் கூண்டில் அடைத்தார்கள், பத்துப் பத்தாக எடை போட்டார்கள். சூப்பர்வைசர் தாளைப் பார்த்துவிட்டு, சொல்வதா வேண்டாமா என்று தயங்கி, கடைசியில் சொல்லிவிட்டான்.

"இந்தக் குளிர்ல இப்படி எடை யாருக்கும் வரல அக்கா."

அக்கா தாளை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள்.

லாரி போன பிறகு ஷெட் ஓவென்று கிடந்தது. அடுப்பை அணைத்துவிட்டதால் குளிர் ஏறியது. கதவுப் பக்கத்து ஆணியில் தம்பியின் கம்பளிக் கோட் தொங்கிக்கொண்டிருந்தது. ஜீப்பில் அவசரமாக ஏற்றிப் போனபோது அதை மாட்டவில்லை. துவைத்து வைக்கலாம் என்று எடுத்தாள். கை சட்டென்று கீழே இறங்கியது. இந்தக் கனம் எதனால் என்று உள் பையைத் தடவினாள். பழைய துணியில் சுற்றி, சத்தம் வராமல் நூல் போட்டுக் கட்டி, இரண்டு பொட்டலம். பிரித்தாள். திரையின் அடியில் தொங்குகிற இரும்புத் துண்டுகள்.

ஒன்றைக் கையில் ஏந்திக் கனம் பார்த்தாள். பிறகு எடை மெஷின் இருந்த இடத்துக்கு நடந்துபோய் ஒன்றை வைத்தாள். அறுநூறு கிராம். இரண்டாவதையும் வைத்தாள். ஆயிரத்து இருநூறு.

டாக்டர் திருப்பிக் கொடுத்த அட்டை இடுப்பிலேயே செருகியிருந்தது. எடுத்துப் பார்த்தாள். ஐம்பத்திரண்டுக்கு மேல் முதல் ஞாயிறு அறுநூறு கிராம். இரண்டாம் ஞாயிறு ஆயிரத்து இருநூறு. மூன்றாம் வாரம் நிஜமாகவே எடை ஏற ஆரம்பித்ததும், மெஷினில் ஏறும்போது இரும்பை எடுத்து வெளியே வைத்துவிட்டிருக்கிறான், இறங்கினதும் ஞாபகமாக மறுபடி பைக்குள் ஒளித்து வைத்திருக்கிறான், என்றைக்காவது காட்டிச் சிரிக்க. இந்த இரண்டு துண்டுகளையும் கழித்துவிட்டால் கோடு எப்படி இருந்திருக்கும் என்று அக்காவின் கண் தானாகவே போட்டுப் பார்த்தது. இரண்டு வாரம் படுத்துக் கிடந்திருக்கும். மூன்றாம் வாரம் ஒரேயடியாக இரண்டரைக் கிலோ எழும்பியிருக்கும். அப்படி ஒரு கோட்டை அவள் நம்பியிருக்கவே மாட்டாள். கோழிக் கோடு அப்படி எழும்பியிருந்தால் அன்றைக்கே ஃபோன் போயிருக்கும். தம்பியையும் அன்றைக்கே, காலில் பூட்ஸ் ஏறின காலத்திலேயே, தூக்கிக்கொண்டு ஓடியிருப்பாள்.

அவள் சிரிக்க வேண்டும் என்று அவன் வைத்த இரும்புதான் அவள் கண்ணை மறைத்திருந்தது.

"திருட்டுப் பயலே" என்றாள் அக்கா. காலி ஷெட்டில் அந்தச் சத்தம் எதிர்ச்சுவர் வரை போய்த் திரும்பி வந்தது. "என்கிட்டயேவாடா? கையைத் தட்டினா தட்டிட்டுப் போறேன், அதுக்கா நீ..."  எடை மெஷினைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உமித் தரையில் உட்கார்ந்து, இடுப்பிலிருந்த ஆறு வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்தவள் மாதிரி வாய்விட்டு அழுதாள்.

அழுது ஓய்ந்ததும் வடக்கு மூலைக்குப் போனாள். செங்கற்களை அவிழ்த்தாள். இரும்புத் துண்டுகளைக் கட்டக் கயிற்றைக் கையில் எடுத்தவள், கட்டவில்லை. செங்கற்களையே மறுபடியும் கட்டிவிட்டு, தம்பியின் கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். இரும்பு ஒன்றை இந்தப் பையிலும் ஒன்றை அந்தப் பையிலும் போட்டாள்.

நாளைக்கு அந்தப் பழைய இரும்புக்காரன் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவான். அவனிடம் சொல்ல வேண்டும்.